காலியாகப் போன ஐம்பது கிலோ

நவம்பர் ஒன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். பனி இன்னும் இறங்கவில்லை. தில்லியில் பனிக்கு முன்னால் வருகிற புகை மட்டும் இருந்தது. எதிர்வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி பாதிதான் தெரிந்தது. பால்கனி வெப்பமானியில் பதிமூன்று டிகிரி.

அந்தப் புகையில் நின்று ஒரு பெட்டியை எடை பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய பேப்பர்காரர்கள் வைத்திருப்பார்களே, அந்தக் கொக்கித் தராசு. போகல் கடைத்தெருவில் வாங்கியது. பெட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே முள்ளையும் படிக்க ஒரு ஆளால் முடியாது. முன்பு நான் தூக்குவேன், என் மனைவி கோமதி குனிந்து படிப்பாள். அரை கிலோ குறைத்துத்தான் படிப்பாள் என்பது விமான நிலையத்துக்குப் போனபிறகு தெரியவரும்.

அவள் போய் இரண்டு வருடம் முடிந்திருந்தது. ஆகவே பால்கனிச் சுவரில் இருந்த இரும்பு வளையத்தில் தராசைத் தொங்கவிட்டு, பெட்டியை ஸ்டூல்மேல் ஏற்றி, கொக்கியில் மாட்டி, ஸ்டூலைக் காலால் தள்ளினேன். பெட்டி ஒருமுறை சுற்றி நின்றது.

பதின்மூன்று கிலோ நானூறு கிராம்.

மூன்று தடவை பார்த்தேன். மூன்று தடவையும் அதேதான்.

ஒரே பெட்டி

ஒரே பெட்டி என்பது என் மகன் சங்கரின் உத்தரவு. அமெரிக்காவில் அவனுக்குக் கம்ப்யூட்டர் வேலை, மருமகளுக்கும் அதே வேலை. தில்லிக் குளிரில் நான் தனியாக இருமிக்கொண்டு கிடக்க வேண்டாம், ஆறு மாதம் அங்கே வந்து இருக்கலாம் என்று டிக்கெட் எடுத்து அனுப்பியிருந்தான்.

அவன் தில்லியில் பிறந்து வளர்ந்தவன். தமிழும் இந்தியும் இங்கிலீஷும் கலந்து பேசுவான். சாரம் இவ்வளவுதான்: துணியும் மாத்திரையும் போதும், மற்றதெல்லாம் அங்கே கடையில் இருக்கிறது. "முன்னாடி மாதிரி நாலு பெட்டியத் தூக்கிட்டு வராதீங்கப்பா. அம்மா இருந்தா வேற. தனியா நீங்க எப்படி இழுப்பீங்க?"

நான் பட்டியல் போட்டேன். சட்டை நான்கு. பேன்ட் மூன்று. வேட்டி இரண்டு. பனியன் ஆறு. ஸ்வெட்டர் இரண்டு, குரங்குக் குல்லாய் ஒன்று. ரத்த அழுத்த மாத்திரை நாளுக்கு ஒன்றாக நூற்று எண்பத்திரண்டு. சர்க்கரை மாத்திரை நாளுக்கு இரண்டாக முந்நூற்று அறுபத்து நான்கு. இரண்டு நாள் விமானம் தாமதமானால் என்ன செய்வது என்று ஆறு மாத்திரை கூடுதல். மூக்குக் கண்ணாடி இரண்டு. நகவெட்டி. பென்ஷன் புத்தகத்தின் ஜெராக்ஸ். சோப்பு, சீப்பு முதலிய சில்லறைகளும் சேர்த்து ஆக மொத்தம் பத்தொன்பது இனம். இருபதாவதாக என்ன எழுதலாம் என்று அரைமணி நேரம் யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

இத்தனைக்கும் எனக்கு அனுமதிக்கப்பட்ட சுமை இரண்டு பெட்டி. அந்த நாட்களில் பெட்டிக்கு முப்பத்திரண்டு கிலோ வீதம் அறுபத்து நான்கு கிலோ. அதாவது ஐம்பது கிலோ அறுநூறு கிராம் காலியாகப் போகப்போகிறது.

மார்ச் முப்பத்தொன்று

நான் ஒரு மத்திய அரசு அமைச்சகத்தில், பட்ஜெட் பிரிவில், முப்பத்திரண்டு வருடம் உட்கார்ந்திருந்தவன். ஒதுக்கிய தொகையை மார்ச் முப்பத்தொன்றுக்குள் செலவு செய்யாவிட்டால் அது காலாவதி. காலாவதி ஆனால் அடுத்த வருடம் குறைத்துவிடுவார்கள். ஆகவே மார்ச் மாதம் வந்தால் எங்கள் கட்டடத்தில் நல்ல நாற்காலிகள் வெளியே போகும், புது நாற்காலிகள் உள்ளே வரும்.

எங்களுக்கு ஒரு இணைச் செயலர் இருந்தார். எங்கே சுற்றுப்பயணம் போனாலும் ஒரு தோல்பை மட்டுமே எடுத்துப்போவார். கோஹிமாவுக்கு ஏழு நாள் போனபோதும் அதே பைதான். ஒரு சட்டையை ராத்திரி துவைத்துப் போட்டு, மறுநாள் இன்னொன்றைப் போட்டுக்கொள்வாராம். நாங்கள் அவரைப் பெரிய துறவி மாதிரி நினைத்தோம். ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள் கோல் மார்க்கெட் இனிப்புக் கடையில் சந்தித்தபோது கேட்டேன். யாரிடமாவது சேர்க்கச் சொல்லி என்னிடம் யாரும் எதையும் கொடுத்ததே இல்லை, அதனால் பெரிய பெட்டி தேவைப்படவில்லை என்றார். அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

அந்தப் பதில் அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. பெட்டியை வளையத்திலிருந்து இறக்கும்போது புரிந்தது.

கோமதியின் நோட்டு

நாங்கள் இரண்டு பேருமாக இரண்டு தடவை போயிருக்கிறோம். கோமதியின் பழைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். அவள் பட்டியல் என் பட்டியல் மாதிரி இருக்காது. துணி, மாத்திரை எல்லாம் கடைசிப் பக்கத்தில் இரண்டே வரி. முன்பக்கங்கள் முழுக்கப் பெயர்கள்தான். இன்னார் மகளுக்கு வடகம். இன்னார் பேரனுக்கு அரைஞாண் கயிறு. இன்னார் மருமகளுக்குப் பிரசவ லேகியம், இரண்டு பாட்டில், துணியில் சுற்றவும்.

முதல் தடவை பதினொரு பார்சல். இரண்டாம் தடவை ஒன்பது.

தில்லித் தமிழர்களிடையே ஒருவர் அமெரிக்கா போகிறார் என்றால் அவர் பெட்டி ஊர்ப்பொது. கோமதி காய்கறி வண்டியருகே ஒரு வார்த்தை விடுவாள். மாலைக்குள் வீட்டு வாசலில் செருப்புகள் சேர்ந்துவிடும். நான் தராசை வைத்துக்கொண்டு கத்துவேன். நம் துணியை எங்கே வைப்பது, வழியில் எண்ணெய் கசிந்தால் யார் பொறுப்பு, சுங்கத்தில் கேட்டால் என்ன சொல்வது என்று. அவள் காதில் வாங்கமாட்டாள்.

அன்று நோட்டை வைத்துக்கொண்டு ஒரு கணக்குப் போட்டேன். அந்த இருபது பார்சலையும் அமெரிக்காவில் யார் யார் வந்து வாங்கிப்போனார்கள், எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை தடவை? ஞாபகத்தில் இருந்தவரை நாற்பத்து மூன்று பேர். பார்சல் வாங்க வருகிறவர்கள் வாசலோடு போகமாட்டார்கள். உட்கார்ந்து காபி குடிப்பார்கள். தில்லியில் அம்மா எப்படி இருக்கிறாள், முட்டிவலி தேவலையா என்று கேட்பார்கள். அடுத்த வாரம் வந்து எங்களைத் தங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போவார்கள். அந்த இரண்டு பயணத்திலும் சனி ஞாயிறு எங்களுக்கு ஓய்வே இருந்ததில்லை. அமெரிக்காவில் ஜனங்கள் நன்றாகப் பழகுகிறார்கள் என்று ஊர் திரும்பி நானே பேசியிருக்கிறேன்.

என்னைப் பார்க்க ஒருவரும் வரவில்லை, எல்லாரும் பார்சலுக்கு வந்தவர்கள். பதின்மூன்று கிலோவோடு நான் போனால் ஆறு மாதம் அந்த வாசல்மணியை யார் அடிப்பார்கள்? மகனும் மருமகளும் ஏழரை மணிக்குப் போனால் ஏழு மணிக்குத்தான் திரும்புவார்கள். நாளுக்குப் பதினொன்றரை மணி நேரம். அதை எத்தனை நாளால் பெருக்குவது என்று யோசித்து, பெருக்காமலே நோட்டை மூடிவைத்தேன்.

தொலைபேசியில் பதினான்கு பேர்

ஆகவே நானே பார்சல் கேட்கக் கிளம்பினேன். ஒரு வாரத்தில் பதினான்கு பேருக்குப் போன் செய்தேன். பெட்டியில் இடம் இருக்கிறது, ஏதாவது கொடுக்க வேண்டுமானால் கொடுங்கள் என்றேன்.

ஒருவர், எல்லாம் அங்கேயே கிடைக்கிறதே என்றார். இன்னொருவர் கூரியரில் அனுப்பிவிட்டதாகச் சொன்னார். ஒரு அம்மாள், பிள்ளைகள் இப்போது வடகமெல்லாம் சாப்பிடுவதில்லை, உப்பு ஆகாதாம் என்றார். ஒருவர் நான் எதற்கோ அடிபோடுகிறேன் என்று எண்ணி, நடுவிலேயே, உடம்புக்கு ஏதும் இல்லையே என்று கேட்டார்.

பதினான்காவது ஆள் வேலாயுதம். எங்கள் பிரிவில் எனக்குக் கீழே இருந்தவர், என்னைப்போலவே திருநெல்வேலிக்காரர். துவாரகாவில் நான்காவது மாடியில் குடியிருந்தார். மெட்ரோ அப்போது ஷாதரா பக்கம்தான் ஓட ஆரம்பித்திருந்தது. போனோடு விடாமல், இரண்டு பஸ் மாறி, ஒரு மணி ஐம்பது நிமிடம் பயணம் செய்து நேரிலேயே போனேன். அவர் மகள் அமெரிக்காவில் என் மகன் வீட்டிலிருந்து முப்பது நிமிடக் கார் தூரத்தில் இருந்தாள்.

வேலாயுதம் சிரித்தார். "எதுக்கு அண்ணாச்சி சுமக்கிய? அங்க முருங்கக்கா கூட வெட்டி பாக்கெட்டுல வருதாம். மைனி இருக்கும்போது ஏழு கிலோ குடுத்துவிட்டேன், அவ்வோ ஒரு வார்த்தை சொல்லல. நீங்கதான் தராசத் தூக்கிக்கிட்டு வந்து நின்னிய."

உண்மைதான், அவர் மைனி என்று சொன்ன கோமதி வாங்கி வைத்ததில் ஒரு கிலோ எண்ணூறு கிராமைத் திருப்பிக் கொடுத்திருந்தேன். அதை அவர் மறக்கவில்லை.

காபி குடித்து முடித்தும் நான் எழுந்திருக்கவில்லை. வேலாயுதத்தின் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போனார், ஒரு டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டது. சுண்டைக்காய் வற்றலைப் பிளாஸ்டிக் உறையில் கட்டிக்கொண்டு வந்து, இதை மகளிடம் சேர்த்துவிடுங்கள், அவளுக்கு ரொம்பப் பிடிக்கும் என்றார். அவர்கள் வீட்டுச் சமையலுக்கு வைத்திருந்தது அது. தெரிந்தேதான் வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து நிறுத்தேன். நானூறு கிராம்.

அஞ்சலை

என் வீட்டில் பாத்திரம் தேய்த்து, வீடு பெருக்கி, ஒரு வேளைச் சமையலும் செய்கிறவள் அஞ்சலை. கள்ளக்குறிச்சிப் பக்கத்தவள். பாராபுல்லா நாலா என்கிற சாக்கடைக் கால்வாயை ஒட்டிய மதராசி கேம்ப் குடிசைப் பகுதியில் வீடு. ஜங்க்புராவில் ஐந்து வீட்டு வேலை. அதிகம் பேசமாட்டாள்.

துவாரகா போய்வந்த மறுநாள், துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"ஐயா, பொட்டில எடம் இருக்குன்னு ஒரு வாரமா ஊருக்கெல்லாம் போன் போட்டுச் சொல்றீங்க. எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியே."

அமெரிக்காவில் உனக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டேன்.

"இருக்குது. மின்னிப் பாப்பா."

இரண்டு தெரு தள்ளி ஒரு பஞ்சாபிக் குடும்பம் இருந்ததாம், கன்னா என்று பெயர். அவர்கள் பெண்குழந்தையை நாற்பதாம் நாளிலிருந்து நான்கு வயது வரை அஞ்சலைதான் வளர்த்திருக்கிறாள். பிறகு அவர்கள் அமெரிக்கா போய்விட்டார்கள். முதல் வருடம் ஒரு புத்தாண்டு வாழ்த்து அட்டை வந்தது. அந்த உறையைப் பால்கவருக்குள் போட்டு வைத்திருந்தாள். பின்பக்கம் தொலைபேசி எண் இருந்தது. ஊரைப் பார்த்தேன். என் மகன் இருக்கும் அதே மாநிலம்.

மறுநாள் ஒரு எவர்சில்வர் தூக்கில் மல்லாட்டை உருண்டை கொண்டுவந்தாள். நிலக்கடலையை அவர்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். வெல்லப்பாகு வைத்துப் பிடித்தது, எலுமிச்சை அளவு. அரைக் கிலோதான் என்றாள். தராசில் அறுநூற்று இருபது கிராம் காட்டியது. அப்படியே பெட்டியில் வைத்தேன்.

குழந்தையிடம் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன்.

"நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். என்னியக் கேக்குதான்னு மட்டும் பாத்துட்டு வாங்க."

மொத்தம் பதினான்கு கிலோ நானூற்று இருபது கிராம். இரண்டு பார்சல். கோமதியின் நோட்டில் ஒரு புதுப் பக்கத்தில் இரண்டு பெயரையும் எழுதினேன்.

வாசல்மணி

அங்கே போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் பனி கொட்டியது. தெருவில் மனிதர்களே இல்லை. காலையில் ஒரு மஞ்சள் பள்ளிப் பேருந்து, பதினொன்றே முக்காலுக்குத் தபால் வண்டி. இவைதான் என் நாளில் வந்துபோனவை.

சங்கர் நல்ல பிள்ளை, குறை சொல்லக்கூடாது. டிவியில் தமிழ்ச் சேனல் வரும்படி செய்து கொடுத்திருந்தான். ஒரு ரிமோட்டில் நாற்பத்தாறு பொத்தான் இருந்தது, இன்னொன்றில் ஐம்பத்தொன்று.

முதல் சனிக்கிழமை வேலாயுதத்தின் மருமகன் வந்தார். காரை அணைக்காமல் வாசலிலேயே நின்று வற்றலை வாங்கிக்கொண்டார். குழந்தைக்கு நீச்சல் வகுப்பு, இன்னொரு நாள் நிதானமாக வருகிறோம் அங்கிள் என்றார். நான்கு நிமிடம். காபிக்குப் பாலை அடுப்பில் வைத்திருந்தேன், அது பொங்கி வழிந்திருந்தது.

கன்னா வீட்டுக்குப் போன் செய்தேன். அந்த அம்மாள் எடுத்தாள். அஞ்சலை பெயரைச் சொன்னதும் அதைத் தானும் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். பிறகு இந்தியில், சனிக்கிழமை கண்டிப்பாக வருகிறோம் அங்கிள்ஜி என்றாள்.

சனிக்கிழமை வந்தது. அடுத்த சனியும் வந்தது. நான்கு சனிக்கிழமை சட்டை மாற்றிக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். சங்கர் பார்த்துவிட்டு, தபாலில் அனுப்பிவிடலாம் அப்பா, ஆறு டாலர்தான் ஆகும் என்றான். அவன் சொன்னது நியாயம்தான். ஆனால் அதையும் அனுப்பிவிட்டால் அப்புறம் என்னிடம் என்ன மிச்சம் இருக்கும்?

ஒரு புதன்கிழமை, அவர்கள் வேலைக்குப் போனபிறகு, டாக்ஸிக்குப் போன் செய்தேன்.

பத்து நிமிடம்

கன்னா வீட்டு வாசலில் இறங்கும்போது, கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதானே, பத்து நிமிடம் நில் என்று டாக்ஸிக்காரனிடம் சொன்னேன். பத்து நிமிடத்துக்கு ஐந்து டாலர் காத்திருப்புக் கூலி என்று அவன் முதலிலேயே சொல்லியிருந்தான்.

கதவைத் திறந்த பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். வரச்சொல்லி வராமல் இருந்ததற்கு அவளுக்கு வெட்கம். தனக்குக் கார் ஓட்டத் தெரியாது, கணவர் அடுத்த வாரம் அடுத்த வாரம் என்கிறார் என்றாள். விசாவில் வேலை பார்க்க அனுமதி இல்லை. பகல் முழுக்க வீட்டில் தனியாகத்தான் இருக்கிறாளாம்.

தூக்கைக் கொடுத்துவிட்டு எழுந்தேன். மின்னி மூன்று மணி இருபதுக்கு வந்துவிடுவாள், இஞ்சி டீ போடுகிறேன், உட்காருங்கள் என்றாள்.

உட்கார்ந்தேன். போகல் மார்க்கெட்டில் அந்த மூலைக் கடை ஜிலேபி இன்னும் போடுகிறார்களா என்று கேட்டாள். போடுகிறார்கள், முன்பு மாதிரி இல்லை என்றேன். ஜூன் மாதத்தில் நாலா நாற்றம் எப்படி இருக்கிறது என்றாள். அப்படியேதான் என்றேன். சிரித்தாள். கரண்ட் போவது, கேஸ் சிலிண்டருக்கு நிற்பது, இரவுக் காவல்காரன் தடியைத் தட்டிக்கொண்டு போவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஐந்து வருடம் இரண்டு தெரு தள்ளி இருந்திருக்கிறோம், ஒரு நாளும் பார்த்ததில்லை.

தில்லியில் இருந்த முப்பத்தெட்டு வருடமும் நான் இந்தியில் சண்டைதான் போட்டிருக்கிறேன். பால்காரனோடு, ஆட்டோக்காரனோடு, தண்ணீர் வாரியத்தோடு. ஒரு காரியமும் இல்லாமல் அந்த மொழியில் பேசிக்கொண்டிருந்தது அன்றைக்குத்தான்.

ஜன்னல் வழியே டாக்ஸி தெரிந்தது. டாக்ஸிக்காரன் இருக்கையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தான். ஐந்து, பத்து, பதினைந்து என்று மனம் எண்ணிக்கொண்டே இருந்தது. கால் எழுந்திருக்கவில்லை.

மின்னி வந்தாள். எட்டு வயது, முன்பல் இரண்டு இல்லை. தாய் இங்கிலீஷில் அஞ்சலையைப் பற்றிச் சொன்னாள். பழைய ஆல்பத்தில் அஞ்சலை இடுப்பில் அவள் இருக்கும் படத்தையும் காட்டினாள். குழந்தை மரியாதையாகப் பார்த்தது. யார் என்று கேட்கவில்லை. ஒரு உருண்டையை எடுத்து முகர்ந்து பார்த்துக் கடித்தது. இன்னொன்று எடுத்தது. மூன்றாவதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு மாடிக்குப் போய்விட்டது.

திரும்பும் வழியில் டாக்ஸிக்காரன், உங்கள் மகளா என்று கேட்டான். இல்லை, எங்கள் ஊர்க்காரர்கள் என்றேன்.

மே மாதம்

தில்லி திரும்பியபோது நாற்பத்து மூன்று டிகிரி. மறுநாள் காலை அஞ்சலை வந்தாள். வந்ததும் கேட்கவில்லை. பாத்திரத்தையெல்லாம் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்த பிறகு, முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டாள்.

"கேட்டுச்சா?"

வேறு மாதிரிச் சொல்லலாமா என்று விமானத்திலேயே யோசித்திருந்தேன். எனக்கு அது வராது. "கேக்கல அஞ்சலை," என்றேன்.

தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு தட்டு முடிந்து அடுத்த தட்டு.

"தின்னுச்சா?"

"ரெண்டு தின்னுச்சு. மூணாவத எடுத்துப் பையில வச்சுக்கிட்டுது."

"அப்பிடித்தான் செய்யும்," என்றாள். "அடுத்த தபா போனீங்கன்னா சொல்லுங்க. எள்ளு போட்டுத் தரன்."

அந்தப் புதன்கிழமைப் பயணத்தைச் சங்கரிடம் நான் சொல்லவில்லை. பூங்காவரை நடந்துவிட்டு வந்தேன் என்று சொல்லியிருந்தேன். இதை அவன் படிக்கமாட்டான், அவனுக்குத் தமிழ் படிக்க வராது. அதனால் இங்கே எழுதுகிறேன். போக நாற்பத்தெட்டு டாலர், வர நாற்பத்தெட்டு. காத்திருந்தது இரண்டு மணி பத்து நிமிடம், அதற்கு அறுபத்தைந்து. தூக்கம் கலைந்து எழுந்தவனுக்குக் கையில் கொடுத்தது பதினைந்து. மொத்தம் நூற்று எழுபத்தாறு டாலர். அன்றைய விலையில் எட்டாயிரத்து எட்டு ரூபாய்.